படத்துக்கு நடுவே யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்களா? அந்தக் குரலை நிறுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். வசனம் நின்ற இடத்தில் திடீரென்று ஒரு குரல், "அவள் ஜன்னலை மூடுகிறாள். விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்காருகிறாள்" என்று சொல்ல ஆரம்பிக்கும். அடுத்த காட்சியிலும் வரும், அதற்கடுத்ததிலும் வரும். என் சித்தி வீட்டு டிவியில் இப்படி ஆனபோது, ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைத்து, பிடித்த தொடரை இரண்டு வாரம் பார்க்காமலே விட்டுவிட்டார். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசியதில், செயலியை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டும் குரல் போகவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சரிசெய்தோம், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு இதே தொல்லையைப் பலர் கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குரல் யாருடையது? படத்திலேயே இருக்கிறதா?

அதற்கு ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்று பெயர். ஒலி விவரிப்பு என்று சொல்லலாம். பார்வையில்லாதவர்களும் பார்வை குறைந்தவர்களும் படத்தைத் தொடர்ந்து வருவதற்காகத் தயாரிக்கப்படும் தனி ஒலித்தடம் அது. டப்பிங்கில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று பல ஒலித்தடங்கள் இருப்பதுபோல இதுவும் அந்தப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். வசனமே இல்லை. ஒருவர் கடிதத்தைப் படிக்கிறார், நான்காக மடிக்கிறார், அடுப்பில் போடுகிறார். கண்ணால் பார்ப்பவருக்குக் கதை அங்கேயே திரும்பிவிட்டது. பார்க்க முடியாதவருக்குக் காகிதம் சரசரக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்தச் சில நொடிகளுக்குள் அடங்குகிற மாதிரி ஒருவர் வாக்கியம் எழுதி, இன்னொருவர் அதைப் பேசிப் பதிவு செய்து, படத்தின் ஒலியோடு கலந்து தருகிறார்கள். குரல் பெரும்பாலும் வசனத்தின் மேல் ஏறாமல் இடைவெளியில் மட்டும் வருவது அதனால்தான். கூர்ந்து கேட்டால், அந்தக் குரல் பேசும்போது பின்னணி இசை சற்றுத் தாழ்வதும் தெரியும்.

அப்படியானால் டிவி கெட்டுப்போகவில்லையா?

இல்லை. செயலியும் கெடவில்லை. ஒலித்தடம் மாறியிருக்கிறது. செயலியை நீக்கிப் போடுவதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லையே, எப்படி மாறியது?

பெரும்பாலும் யாரோ தொட்டிருப்பார்கள், தெரியாமல். ஒரு கொரியத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப் பட்டியலில் கொரிய மொழி, அதன் கீழ் ஆங்கிலம், அதற்கும் கீழ் ஆங்கிலம் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்று வரிசையாக இருக்கும். ஆங்கில டப்பிங் வைக்கப் போனவர் ரிமோட்டில் ஒரு முறை கூடுதலாகக் கீழே அழுத்தினால் முடிந்தது. சித்தி வீட்டில் நடந்ததும் இதுதான். விடுமுறைக்கு வந்த பேரன் மொழியை மாற்றிவிட்டுப் போயிருக்கிறான்.

சில டிவி ரிமோட்டுகளில், ஆடியோ டிஸ்கிரிப்ஷனைச் சுருக்கி 'ஏடி' என்று எழுதிய பொத்தானே இருக்கும். அதன் மேல் உட்கார்ந்தால்கூடப் போதும். அப்புறம், ஃபோன், டிவி இரண்டிலும் ஒலியளவுப் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் அணுகல் வசதி திறக்கிற மாதிரி குறுக்குவழிகள் இருக்கின்றன. ஃபோன் பையில் கிடக்கும்போதே அது ஆகிவிடும்.

எதை நிறுத்த வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் தப்பான இடத்தில் தேடித்தான் நேரத்தை விடுகிறார்கள். குரல் மூன்று இடங்களிலிருந்து வரலாம். ஒன்று, மேலே சொன்ன விவரிப்பு ஒலித்தடம். இரண்டாவது, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரைவாசிப்பான். மூன்றாவது, டிவியின் சொந்த அமைப்பு. மூன்றையும் மூன்று இடத்தில்தான் நிறுத்த முடியும்.

சித்தியிடம் நான் கேட்டது இது:

"சித்தி, படத்தை அப்படியே நிறுத்துங்க. இப்போ பேசுதா?"

"இல்லை, அமைதியா இருக்கு."

"சரி, ரிமோட்டில் இடது வலது போங்க. போற இடத்தையெல்லாம் வாசிக்குதா?"

"அதெல்லாம் இல்லை."

"பத்து நொடி பின்னால போய் ஓடவிடுங்க. அதே இடத்துல அதே வார்த்தையைச் சொல்லுதா?"

"ஆமாம், அச்சு அசலா அதேதான்."

அப்போதே தெரிந்துவிட்டது, அது விவரிப்பு ஒலித்தடம். படத்தோடு ஒட்டியிருப்பதால் படம் நின்றால் அதுவும் நிற்கும், மெனுவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

மாறாக, படத்தை நிறுத்திவிட்டு மெனுவில் நகரும்போது "தேடல்", "முகப்பு", படங்களின் பெயர் என்று ஒவ்வொன்றாக வாசித்தால் அது ஸ்கிரீன் ரீடர். செயலியை விட்டு வெளியே வந்து டிவியின் முதல் திரைக்குப் போனாலும் அது வாசித்துக்கொண்டே இருக்கும்.

செயலிகளில் எல்லாம் சரியாக இருந்து, ஆன்டெனாவிலோ கேபிளிலோ வரும் சேனல்களில் மட்டும் விவரிப்பு கேட்டால் டிவியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். டிவியின் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதாவது அணுகல் வசதி என்ற பகுதிக்குள் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இந்த அமைப்பு சேனல்களுக்கானது. நெட்ஃபிளிக்ஸில் குரல் கேட்கும்போது இங்கே வந்து எத்தனை முறை அணைத்தாலும் பெரும்பாலும் பலன் இருக்காது.

நெட்ஃபிளிக்ஸில் எப்படி நிறுத்துவது?

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள். டிவியில் ரிமோட்டின் மேல் அல்லது கீழ் அம்பை அழுத்தினால் கட்டுப்பாடுகள் தெரியும். ஃபோனில் திரையை ஒரு முறை தொட்டால் போதும். பேச்சுக்குமிழி மாதிரி ஒரு படம், அல்லது 'ஆடியோ அண்ட் சப்டைட்டில்ஸ்' என்ற எழுத்து இருக்கும். அதைத் திறந்தால் ஒலிப் பட்டியல் ஒரு பக்கம், எழுத்துப் பட்டியல் இன்னொரு பக்கம் வரும். ஒலிப் பட்டியலில் இப்போது குறியிட்டிருக்கும் வரியைப் பாருங்கள். மொழியின் பெயரை அடுத்து 'ஆடியோ டிஸ்கிரிப்ஷன்' என்று இருக்கும். அதை விட்டுவிட்டு, அந்தச் சொல் இல்லாத வரியைத் தேர்ந்தெடுங்கள். 'ஒரிஜினல்' என்று குறித்திருப்பது படம் எடுக்கப்பட்ட மொழி. தமிழ் டப்பிங் வேண்டுமென்றால் வெறும் 'தமிழ்' என்றிருக்கும் வரி.

பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். எழுத்துப் பட்டியலில் போய் 'ஆஃப்' வைத்துவிட்டு, குரல் போகவில்லையே என்கிறார்கள். சப்டைட்டிலுக்கும் குரலுக்கும் சம்பந்தமில்லை. கை வைக்க வேண்டியது ஒலிப் பட்டியலில்.

பிரைம் வீடியோ, டிஸ்னி பிளஸ் போன்றவற்றில்?

வழி ஒன்றுதான், சின்னம் இருக்கும் மூலை மட்டும் மாறும். பிரைம் வீடியோவிலும் பேச்சுக்குமிழிச் சின்னம்தான். டிஸ்னி பிளஸ்ஸில் பெரும்பாலும் வலது மேல் மூலையில் பாருங்கள். மொழிப் பெயருக்குப் பக்கத்தில் 'ஆடியோ டிஸ்கிரிப்ஷன்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். அது இல்லாத வரிக்கு மாறுங்கள்.

பிரைம் வீடியோவில் சில படங்களுக்கு 'டயலாக் பூஸ்ட்' என்று இன்னும் ஒன்றிரண்டு வரிகள் இருக்கும். அது விவரிப்பு இல்லை. வசனத்தை மட்டும் உயர்த்திக் காட்டுவது. இசை சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம், நன்றாக இருக்கும்.

வேறு எந்தச் செயலியாக இருந்தாலும் இதே யோசனையை வைத்துக்கொள்ளுங்கள்: படம் ஓடும் திரையில் ஒலித்தடம் மாற்றும் இடம் எங்கே?

ஒவ்வொரு படத்திலும் மாற்றுகிறேன், அடுத்த படத்தில் மறுபடி வந்துவிடுகிறதே?

இது உண்மையிலேயே எரிச்சலூட்டும் நிலைமை. செயலிகள் பொதுவாகக் கடைசியாக நாம் தேர்ந்தெடுத்த ஒலியை அந்த புரொஃபைலுக்கு, அதாவது கணக்குக்குள் ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்கும் பகுதிக்கு, நினைவில் வைத்துக்கொள்ளும். அதையும் மீறித் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், கருவியே "விவரிப்பு இருந்தால் அதையே கொடு" என்று கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஐஃபோன், ஐபேட், ஆப்பிள் டிவி மூன்றிலும் செட்டிங்ஸுக்குள் அக்சஸிபிலிட்டி, அதற்குள் ஆடியோ டிஸ்கிரிப்ஷன்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது ஆனில் இருந்தால், விவரிப்பு உள்ள படங்களில் கருவி தானாகவே அதைத் தேர்ந்தெடுக்கும். மேக் கணினியிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆண்ட்ராய்டில் 13-ஆம் பதிப்பிலிருந்து அக்சஸிபிலிட்டிக்குள் இப்படி ஒரு பொது சுவிட்ச் வந்திருக்கிறது. இந்தச் சுவிட்சை ஒரு முறை அணைத்தால் படம் படமாகப் போய் மாற்றும் வேலை மிச்சம்.

சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறதா? அப்படியானால் வேறு யாராவது உங்கள் புரொஃபைலில் படம் பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.

மெனு, பொத்தான் எல்லாவற்றையும் வாசிக்கிறது. இதை எப்படி நிறுத்துவது?

இது ஸ்கிரீன் ரீடர். ஒவ்வொரு கருவியிலும் இதற்கு ஒரு பெயர். சாம்சங் டிவியில் வாய்ஸ் கைடு, எல்ஜி டிவியில் ஆடியோ கைடன்ஸ், ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஆப்பிளில் வாய்ஸ்ஓவர், ஃபயர் டிவியில் வாய்ஸ்வியூ. எல்லாமே அக்சஸிபிலிட்டி பகுதியில்தான் இருக்கும். பெயர் தெரிந்தால் தேடுவது சுலபம், அதனால்தான் எழுதினேன்.

குறுக்குவழிகளும் உண்டு. ஃபயர் டிவி ரிமோட்டில் பின்செல்லும் பொத்தானையும் மூன்று கோடு போட்ட மெனு பொத்தானையும் சேர்த்து இரண்டு நொடி அழுத்திப் பிடியுங்கள். ரோக்கு ரிமோட்டில் நட்சத்திரக் குறிப் பொத்தானை வேகமாக நான்கு முறை தட்டுங்கள். சாம்சங்கில் ஒலியளவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அணுகல் குறுக்குவழிகள் திறக்கும். எக்ஸ்பாக்ஸில் நடுப்பொத்தானைக் கட்டுப்பாட்டுக் கருவி அதிரும்வரை பிடித்துவிட்டு மெனு பொத்தானை அழுத்தினால் நேரேட்டர் என்ற அதன் ஸ்கிரீன் ரீடர் நிற்கும். பிளேஸ்டேஷன் 5-இல் செட்டிங்ஸுக்குள் அக்சஸிபிலிட்டி, அதில் ஸ்கிரீன் ரீடர்.

ஃபோன் பேசுகிறது, ஆனால் தொட்டால் எதுவும் திறக்கவில்லை. செட்டிங்ஸுக்கே போக முடியவில்லை.

பயப்படாதீர்கள், ஃபோன் மாட்டிக்கொள்ளவில்லை. ஸ்கிரீன் ரீடர் ஆனில் இருக்கும்போது தொடுகைக்கு அர்த்தம் மாறிவிடும். ஒரு முறை தொட்டால் தேர்வாகும், அதைச் சுற்றி ஒரு கட்டம் தெரியும், பெயரை வாசிக்கும். திறக்க வேண்டுமென்றால் இரண்டு முறை விரைவாகத் தட்ட வேண்டும். மேலும் கீழும் நகர்த்த ஆண்ட்ராய்டில் இரண்டு விரல், ஐஃபோனில் மூன்று விரல். இந்த ஒரு விஷயம் தெரியாமல் பதற்றத்தில் ஃபோனைக் கடைக்குக் கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறுக்குவழி ஆனில் இருந்தால் ஆண்ட்ராய்டில் இரண்டு ஒலியளவுப் பொத்தான்களையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் டாக்பேக் நின்றுவிடும். ஐஃபோனில் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை, பழைய மாடலில் ஹோம் பொத்தானை மூன்று முறை. சிரியிடம் "டர்ன் ஆஃப் வாய்ஸ்ஓவர்" என்று சொன்னாலும் கேட்கும்.

கம்ப்யூட்டரில்?

விண்டோஸில் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், நேரேட்டர் நிற்கும். மேக்கில் கமாண்ட் விசையோடு எஃப்5. குரோம்புக்கில் கன்ட்ரோல், ஆல்ட், இசட். இதே விசைகள்தான் அதை ஆரம்பிக்கவும் செய்யும். கீபோர்டைத் துடைக்கும்போது தற்செயலாக அழுத்தியிருப்பீர்கள்.

படமே போடவில்லை. முகப்பில் நின்றாலே சத்தம் வருகிறது.

அது முன்னோட்டம். எந்தப் படத்தின் மேல் நின்றாலும் டிரெய்லர் தானாக ஓடும். நெட்ஃபிளிக்ஸில் பிரவுசர் வழியாகக் கணக்குக்குள் போய், உங்கள் புரொஃபைலைத் திறந்து, 'ஆட்டோபிளே பிரிவியூஸ்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

யூடியூபில் பேசுபவரின் குரல் போய் வேறொரு குரல் வருகிறது. இதுவும் அதேதானா?

இல்லை, அது பெரும்பாலும் தானியங்கி டப்பிங். இயந்திரமே மொழிபெயர்த்துப் பேசுவது. வீடியோ ஓடும்போது பல்சக்கரச் சின்னத்தைத் திறந்து, 'ஆடியோ டிராக்' என்பதில் 'ஒரிஜினல்' என்று குறித்ததைத் தேர்ந்தெடுங்கள். சொந்தக் குரலில் கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போது தெரியும்.

டவுன்லோடு செய்து வைத்த படத்தில் குரல் வருகிறது, மாற்ற வேறு வரியே இல்லையே?

டவுன்லோடு செய்யும்போது எந்த ஒலி தேர்வாகியிருந்ததோ அது மட்டும் இறங்கியிருக்கலாம். இணைய இணைப்பில் அதே படத்தை ஒரு நிமிடம் ஓடவிட்டு ஒலியை மாற்றுங்கள். பிறகு பழைய டவுன்லோடை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். செயலியின் டவுன்லோடு அமைப்பில் ஒலி மொழி தனியாக இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

எனக்கு வேண்டாம், ஆனால் வீட்டில் ஒருவருக்கு அது வேண்டும். என்ன செய்வது?

அவருக்கென்று தனி புரொஃபைல் போட்டுக்கொடுங்கள். அதில் ஒரு முறை விவரிப்பைத் தேர்ந்தெடுத்து வைத்தால் அவர் பார்க்கும்போது அதுவே வரும், உங்கள் புரொஃபைலில் வராது. சேர்ந்து பார்க்கும்போதுதான் சிக்கல், ஒரு டிவி ஒரு நேரத்தில் ஒரு ஒலித்தடத்தைத்தான் கொடுக்கும். அவர் ஃபோனில் அதே படத்தை அதே நொடியில் ஓடவிட்டு ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம். கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு திரைக்கு அனுமதி இருக்க வேண்டும், தொடக்கத்தில் நேரத்தைப் பொருத்த ஒரு நிமிடம் ஆகும்.

டிவியின் ஸ்கிரீன் ரீடரை மட்டும் அவரைக் கேட்காமல் அணைக்காதீர்கள். எனக்குப் பார்வையில்லாத நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி, சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று டிவியின் குரலை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அதைத் திரும்பப் போட மெனுவுக்குள் போக வேண்டும், மெனுவோ இப்போது பேசுவதில்லை. அன்று மாலை முழுக்க அவர் டிவி போடவில்லை. நான் போய்த்தான் போட்டுக் கொடுத்தேன். அவர் முகத்தில் இருந்த அந்தச் சலிப்பை என்னால் மறக்க முடியவில்லை. கட்டாயம் அணைக்க வேண்டுமென்றால், எந்தப் பொத்தானால் திரும்பப் போடுவது என்பதை அவர் கையில் ரிமோட்டைக் கொடுத்து ஒரு முறை செய்து காட்டிவிடுங்கள்.

இவ்வளவு தொல்லை தருவதை எதற்கு எல்லாப் படத்திலும் வைக்கிறார்கள்?

எல்லாப் படத்திலும் இல்லை என்பதுதான் அந்த நண்பரின் குறை. பல படங்களுக்கு இந்தத் தடமே கிடையாது.

இது எளிதாக வந்ததும் இல்லை. 1981-இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கில், பார்வைக் குறைபாடுள்ள மார்கரெட் என்ற பெண்ணும் அவரோடு கோடி ஃபான்ஸ்டீல் என்பவரும் சேர்ந்து நாடகங்களுக்கு நேரடி விவரிப்பைத் தொடங்கினார்கள். 1990-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் பாஸ்டனின் டபிள்யூஜிபிஎச் நிலையம் இதை ஒரு சேவையாகக் கொண்டுவந்தது. நெட்ஃபிளிக்ஸ் இதை ஆரம்பித்தது 2015 ஏப்ரலில், 'டேர்டெவில்' தொடரோடு. அந்தத் தொடரின் நாயகன் பார்வையில்லாத வழக்கறிஞர். வெளியான அன்று அதில் விவரிப்பு இல்லை. பார்வையில்லாத நாயகனின் கதையைப் பார்வையில்லாதவர்களால் தொடர முடியவில்லையே என்று கேள்வி எழுந்தது, சில நாளில் சேர்த்தார்கள்.

நண்பரோடு ஒரு நகைச்சுவைப் படம் பார்த்தேன், விவரிப்பைப் போட்டுத்தான். வசனமே இல்லாத ஓர் இடத்தில், ஒருவன் நாற்காலி இருக்கிறது என்று நினைத்து உட்காரப் போய் விழுகிறான். நானும் அவரும் ஒரே நொடியில் சிரித்தோம். முன்பெல்லாம் நான் சிரித்து முடித்த பிறகு "என்ன ஆச்சு?" என்று கேட்பார்.

எல்லாம் செய்துவிட்டேன், குரல் இன்னும் போகவில்லை.

முதலில் வேறொரு படத்தைப் போட்டுப் பாருங்கள். ஆவணப்படங்களில் பேசும் குரல் படத்தின் பகுதியாகவே இருக்கும், அதை யாராலும் அணைக்க முடியாது. சில படங்களில் இயக்குநர் பேசும் உரையும் தனித் தடமாக இருப்பதுண்டு, அதற்கும் ஒலிப் பட்டியல்தான் வழி.

அதுவும் இல்லையென்றால் செயலியிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். டிவியை ரிமோட்டில் அணைக்காமல், பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

அப்போதும் தீரவில்லையா, வாடிக்கையாளர் சேவைக்குப் பேசுங்கள். "ஏதோ குரல் வருகிறது" என்று மட்டும் சொன்னால் சித்திக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்வார்கள். எந்தக் கருவி, எந்தப் படம், ஒலிப் பட்டியலில் இப்போது குறியிட்டிருக்கும் வரியில் என்ன எழுதியிருக்கிறது, படத்தை நிறுத்தினால் குரல் நிற்கிறதா, அதே படம் ஃபோனில் எப்படிக் கேட்கிறது, இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.